வயலுக்குள் நின்று அம்மா சொன்ன பதில்

ஜீப் சத்தம் கேட்டால் மற்ற வீடுகளில் பிள்ளைகள் தெருவுக்கு ஓடுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா அறைக்குள் ஓடுவார். அறைக் கதவின் பின்னால் ஆணியில் ஒரு துணிப் பை தொங்கும். அதற்குள் இரண்டு சேலை, ஒரு தடித்த போர்வை, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரைப் போத்தல், கலியாணப் பதிவுக் கடதாசி. ஜீப் எங்கள் வாசல் படலையைத் தாண்டிப் போகும்வரை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருப்பார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. வன்னியில், கிளிநொச்சியிலிருந்து கண்டாவளைப் பக்கம் போகிற வழியில், அரசாங்கம் காடு வெட்டிக் கொடுத்த காணியில் இருந்தோம். குடியேற்றம் என்றால் ஜீப்புக்குப் பஞ்சமில்லை. நீர்ப்பாசனக்காரர், காணிக் கந்தோர்க்காரர், மலேரியாவுக்கு மருந்தடிக்கிறவர்கள் என்று கிழமைக்கு மூன்று தரமாவது வரும். ஒருநாள் மருந்தடிக்க வந்தவர்கள் கதவைத் தட்ட, அம்மா பையோடு வெளியே வந்து, "நான் வாறன். பிள்ளையை விட்டிடுங்கோ" என்றார். மருந்து மணத்துக்குப் பயந்து வீட்டை விட்டே போகிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். "ஒரு மணித்தியாலம் வெளியில நிண்டாக் காணும், அம்மா" என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

அம்மா யப்பான்காரி. அது வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஊருக்கு அவர் சீனத்தி. "சீனத்தி வீடு" என்றால் எந்தச் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, என் தகப்பன், ஐயாதான்.

ஐயா மலாயாவில் ரெயில்வே கிளாக்கராக இருந்தவர். அம்மா அங்கேயே பிறந்தவர். அம்மாவின் தகப்பன் யப்பானிலிருந்து போய், ஸ்டேசனுக்கு முன்னால் முடி வெட்டும் கடை வைத்திருந்தார். ஐயா அங்கே கிழமைக்கு ஒரு தரம் தலைமயிர் வெட்டப் போவாராம். ஒரு கிழமையில் அப்படி என்னதான் வளர்ந்தது என்று நான் கேட்டால், பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

யுத்தம் மலாயாவுக்கு வந்த அன்றே வெள்ளைக்காரனின் பொலிஸ் யப்பான்காரர்களைப் பிடிக்கத் தொடங்கியது. முடி வெட்டுகிறவன், படம் பிடிக்கிறவன், பல்லுக் கட்டுகிறவன் எல்லாரும் உளவாளிகள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். பொலிஸ் போனபோது என் பாட்டன் ஒரு வாடிக்கைக்காரரின் தலையில் பாதியை வெட்டி முடித்திருந்தாராம். மற்றப் பாதியையும் முடித்துவிட்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். விடவில்லை. சாமான் எடுக்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அந்தப் பதற்றத்தில் மனிதர் சவர்க்காரக் கட்டியும் சீப்பும் எடுத்தார், போர்வையை மறந்துவிட்டார். கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுபோய், டில்லியில் பழைய கோட்டை ஒன்றுக்குள் கூடாரத்தில் வைத்தார்கள். முதல் குளிருக்கே போய்விட்டார். அந்தச் செய்தி கடிதமாக அம்மாவிடம் வந்து சேர யுத்தம் முடிய வேண்டியிருந்தது. அம்மாவின் பைக்குள் வன்னி வெயிலிலும் ஏன் போர்வை இருந்தது என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

ஐயாவைக் கட்டியிருந்தபடியால் அம்மாவைப் பொலிஸ் பிடிக்கவில்லை. கடையைச் சனம் உடைத்து நிலைக்கண்ணாடிகளைக் கொண்டுபோனது. பிறகு யப்பான் பட்டாளம் வந்தது. இனி உனக்கென்ன, நீ ராசாத்தி என்று அயலில் சொன்னார்களாம். பட்டாளத்துக்காரன் அம்மாவிடம் முதலில் கேட்ட கேள்வி, ஒரு கறுப்பனைக் கட்ட உனக்கு வெட்கமில்லையா என்பது. பட்டாளம் தோற்றுப் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், பட்டாளத்தோடு என்ன கதைத்தாய் என்று அவன் ஆறு நாள் கூப்பிட்டு வைத்து விசாரித்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அம்மாவுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணவே முடியாது.

இலங்கைக்கு வந்தபோது ஐயாவின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தில் எங்களைப் படலையோடு நிறுத்தினார்கள். அதனால்தான் வன்னிக்கு வந்தோம். இங்கேயும் மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இருந்தன. யப்பான்காரன் என்ற சொல்லைக் கேட்டாலே காறித் துப்புகிற குடும்பங்கள். ஐயா பயந்துபோய், வந்த முதல் நாளே மனைவி சீனத்தி என்று சொல்லிவிட்டார். முகத்தைப் பார்த்து யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்பது அவருடைய கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனம்தான் எங்களைப் பிடித்துக் கொடுத்தது.

எங்கள் வாய்க்காலுக்கு அடுத்த காணி ஒரு மாமியுடையது. சொந்த மாமி அல்ல, நான் அப்படிக் கூப்பிட்டேன். பிள்ளைகள் இல்லாதவர். அவரும் மலாயாவில் இருந்தவர், அம்மா இருந்ததிலிருந்து தூரத்து ஊர் ஒன்றில். அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் டிரெசர். சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, ரெயில்பாதை போட யப்பான்காரன் ஆள் பிடித்தபோது, கூலிகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று அவரையும் லொறியில் ஏற்றினார்கள். மூன்று மாதம் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை, ஒரு சேதியும் இல்லை. மாமி தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. வைகாசிப் பொங்கலுக்கு ஒவ்வொரு வருடமும் வற்றாப்பளைக் கண்ணகி கோயிலுக்குப் போய் அம்மாளாச்சியிடம் கேட்டுவிட்டு வருவார்.

மாமிக்கு அம்மாவில் உயிர். காரணம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அம்மா சீனத்தி என்பதுதான் காரணம்.

"உங்கட ஆக்களை யப்பான்காரங்கள் வெட்டினாங்கள். எங்கட ஆக்களைக் கொண்டுபோய்ச் சாக்காட்டினாங்கள். எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தங்கச்சி இது விளங்கும்" என்பார் மாமி.

"ஓம் அக்கா" என்பார் அம்மா.

மாமி அழுவார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார். மாமி போன பிறகு அன்றைக்கு முழுவதும் அம்மா சோறு தின்னமாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் வாய் தவறி எதையாவது சொல்லிவிடுவேனோ என்று, காலையில் தலை பின்னும்போது தினமும் ஒரே கேள்வி: "கேட்டா என்ன சொல்லுவாய்?" "சீனம்." பின்னல் இறுகும். "திருப்பிச் சொல்லு." "சீனம் அம்மா, சீனம்."

அந்த வருடம் மாமிக்கு வேறொரு கரைச்சலும் வந்தது. பன்னிரண்டு வருடம் செய்தியில்லாமல் போன ஆளைச் செத்தவராக எடுத்து, தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, காரியம் முடிப்பது வழக்கம். மாமியின் கணவருக்கு அந்தப் பன்னிரண்டும் முடிந்துகொண்டிருந்தது. அவருடைய தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வருகிற ஆடி அமாவாசைக்குக் காரியம் என்று நாளே குறித்துவிட்டார். தமையனின் ஆத்துமா அலையக்கூடாது என்பது அவருடைய நியாயம். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் காரியம் என்றால் தாலி இறங்கும்.

"செத்ததைக் கண்ட ஒருத்தனைக் கொண்டு வாங்கோ. கழட்டுறன்" என்றார் மாமி. தம்பியார் எங்கே போவார் ஆள் தேடி?

ஆள் ஜீப்பில் வருவதாக விவசாய உத்தியோகத்தர் வந்து சொன்னார். அந்த நாட்களில் ஜப்பான் முறை நெற்செய்கை என்று ஊரெங்கும் கதை. வன்னியில் நெல்லை அள்ளி விதைத்துத்தான் பழக்கம். இது நாற்றுப் போட்டு, கயிறு கட்டி, வரிசை வரிசையாக நடுவது. அதைக் காட்டிக் கொடுக்க யப்பானிலிருந்தே ஒரு நிபுணர் வருகிறார், தெருவோரமாக இருக்கிற மாமியின் வயலில்தான் செய்து காட்டுவார் என்றார். சனத்துக்குப் புதினம். அம்மா கேட்ட இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார்.

"காய்ச்சல் எண்டு படு" என்றார் ஐயா. "அவன் ரெண்டு மணித்தியாலத்தில போயிடுவான்."

"என்னைக் கண்டாத் தெரியும். நடக்கிறதைப் பாத்தாலே அவையளுக்குத் தெரியும்."

"அதுக்குத்தான் படு எண்டுறன்."

அன்று காலையில் அம்மா உண்மையாகவே பாயில் போர்த்துக்கொண்டு படுத்தார். வெயில் ஏறும் நேரம் மாமி வந்து போர்வையை இழுத்தார்.

"காய்ச்சலெண்டாலும் எழும்பி வா. நான் அவனிட்டக் கேக்கப் போறன். எனக்குத் தனியக் கேக்க ஏலாது, தங்கச்சி. நீ பக்கத்தில நிண்டாக் காணும்."

ஐயா குசினி வாசலில் நின்று வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அம்மா ஐயாவைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பிறகு எழும்பி ஒரு துண்டைத் தலையில் புருவம்வரை இறக்கிக் கட்டினார். நான் பின்னால் போனேன்.

வயலில் சனம் வரம்பு கொள்ளாமல் நின்றது. ஊர்த் தலைவர் விதானையார், உத்தியோகத்தர், காரியத்துக்கு நாள் குறித்த மாமியின் மைத்துனர் எல்லாரும் இருந்தார்கள். யப்பான்காரர் மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி நின்றார். நான் கொம்பு முளைத்த ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். அவர் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொல்ல, உத்தியோகத்தர் தமிழில் சொன்னார். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டார்கள். அம்மா ஆகக் கடைசியில், முகத்தைத் தண்ணீருக்குக் கிட்டவாக வைத்துக்கொண்டு நட்டார். அவருடைய நாற்றுகள் எல்லாம் மிதந்தன. முடி வெட்டுகிறவரின் மகளுக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும்?

நட்டு முடிந்து எல்லாரும் நிமிர்ந்தபோது மாமி உத்தியோகத்தரிடம் போனார். "ஐயா, இவரிட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ. சயாமுக்குக் கொண்டுபோன ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு."

"அம்மா, இவர் நெல்லுக்கு வந்தவர். ரெயிலுக்கு வந்தவரில்லை" என்றார் உத்தியோகத்தர். வரம்பில் நின்ற சிலர் சிரித்தார்கள்.

மாமி சேற்றை மிதித்துக்கொண்டு நேரே யப்பான்காரரிடம் போய், சட்டைக்குள்ளிருந்து கணவரின் படத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். தமிழிலேயே கேட்டார். எங்கே கொண்டுபோனீர்கள், இருக்கிறாரா இல்லையா, ஒரு சொல் சொல்லுங்கள் என்று கேட்டார். குரல் வர வர ஏறியது. அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குடும்பப் படம் காட்டுகிறார் என்று நினைத்தார்போல. படத்தைப் பார்த்துச் சிரித்து, தலையைக் குனிந்து, "குட், குட்" என்றார்.

அப்போது எனக்குப் பின்னால் யப்பான் மொழியில் ஒரு குரல் கேட்டது. அந்த மொழியை வீட்டில் அம்மா எனக்குக்கூடச் சொல்லித் தந்ததில்லை. கோபம் வந்தால் குசினிக்குள் தனியாக முணுமுணுப்பார், அவ்வளவுதான். அந்த மொழியில் அம்மா நடு வயலில் நின்று, எல்லாருக்கும் கேட்கப் பேசினார். தலைத் துண்டு கழன்று தோளில் கிடந்தது. யப்பான்காரர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. படத்தை இரண்டு கையாலும் வாங்கி, நேரம் எடுத்துப் பார்த்து, அம்மாவுக்கு ஏதோ சொன்னார். கனக்கச் சொன்னார். பிறகு மாமிக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்து, நிமிராமல் நின்றார்.

மாமியின் கை தாலிக்கொடியில் இருந்தது.

"என்ன சொல்லுறான்?" என்று மைத்துனர் கேட்டார்.

அம்மா மாமியிடம் தமிழில் சொன்னார். "அவரைப் பற்றித் தனக்குத் தெரியாதாம். ஆனா கன பேர் சாகேல்லையாம். சயாமிலயே தங்கிட்டினமாம். காட்டுக்குள்ள ஊருகள் இருக்காம். வழி தெரியாமலும் காசில்லாமலும் அங்கயே இருக்கினமாம்."

மாமி கண்ணை மூடிக்கொண்டு "அம்மாளாச்சி" என்றார். திறந்தபோது அவர் பார்த்தது யப்பான்காரரை அல்ல, அம்மாவை.

"நீ அவங்கட ஆளோ?"

"ஓம் அக்கா."

மாமி படத்தை வாங்கிக்கொண்டு வரம்பேறிப் போனார்.

அடுத்த ஒரு கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே எனக்கு நினைவில்லை. கல்லெறி விழும் என்று ஐயா யன்னல்களைப் பூட்டினார். அம்மா பையை ஆணியில் மாட்டவேயில்லை, கையோடு வைத்திருந்தார். பொலிஸ் வரவில்லை, கல்லும் விழவில்லை. சனம் கதைத்தது, பள்ளிக்கூடத்தில் என்னை யப்பான் என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். ஒருவரும் பிடிக்க வராதது அம்மாவுக்கு விளங்கவில்லை. பிடித்துக்கொண்டு போயிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பாரோ என்னவோ.

எட்டாம் நாள் மாமி வந்தார். உள்ளே வரவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"உன்ர மனுசன் ரெயில்வேயில இருந்தவர்தானே. அவரைச் சயாமுக்குக் கொண்டுபோகேல்லையோ?"

பொய் சொல்ல இடமிருந்தது. அம்மா சொல்லவில்லை. "லிஸ்ற்றில இவற்ர பேர் இருந்தது. நான் கந்தோருக்குப் போய் அவங்கட காலில விழுந்து கேட்டனான். பாஷை தெரிஞ்சபடியா உள்ளுக்கு விட்டாங்கள். பேரை வெட்டினாங்கள்."

"வெட்டின இடத்தில வேற ஒரு பேரை எழுதியிருப்பாங்கள்."

"ஓம்."

மாமி வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அந்தப் பாஷை தெரிஞ்சிருந்தா நானும் போய்க் கேட்டிருப்பன். அது எனக்கு விளங்குது. அஞ்சு வருசம் என்ர பக்கத்தில இருந்து என்ர அழுகையைக் கேட்டியே. அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு."

அதுதான் மாமி அம்மாவோடு கதைத்த கடைசிக் கதை. இரண்டு காணிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். அம்மா தண்ணீர் திறக்கப் போனால் மாமி திரும்பி நடப்பார்.

ஆடி அமாவாசைக்குக் காரியம் நடக்கவில்லை. மைத்துனர் எங்கள் வீட்டுக்கே வந்து, "அவன் உண்மையா அப்பிடித்தான் சொன்னவனோ?" என்று கேட்டார். "ஓம்" என்றார் அம்மா. நிபுணர் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். வேறு யாரைக் கேட்பது? மனிதர் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அம்மாவை வெறுத்த மாமி அம்மா சொன்ன சொல்லை மட்டும் விடவில்லை. பிடித்த பிடி. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருந்த நஞ்சு பிறகுதான் வேலை செய்தது. ஊரில் ஒருத்தி, சயாமில் தங்கினவன் தனியாகவா இருப்பான் என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து மாமி களை பிடுங்கும்போது கணவரை ஏசுவார். "அவளுக்குச் சமைக்கத் தெரியுமோ? என்ர கையால திண்டவருக்கு அது இறங்குமோ?" வாய்க்காலைத் தாண்டி அது அம்மாவின் காதில் விழும். அம்மா மண்வெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்கு மாமியின் மீது எரிச்சல் வரும், அம்மாவின் மீதும் வரும்.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகிற வருடம் ஒருநாள் கேட்டேன், அந்த யப்பான்காரர் அன்றைக்கு வயலில் சொன்னது முழுவதும் அவ்வளவுதானா என்று. எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். அவர் பேசிய நேரமும் அம்மா சொன்ன சொல்லும் ஒத்துவரவில்லை.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அப்பிடி ஒண்டும் அவர் சொல்லேல்லை. இத்தனை வருசம் வராத ஆள் வரமாட்டார், அவாவைக் காத்திருக்க விடாதேங்கோ எண்டார். தங்கட ஊரிலயும் பொம்பிளையள் இப்பிடித்தான் படத்தோட நிக்கினமாம்."

"பிறகேன் மாற்றிச் சொன்னீங்கள்?"

"அவாவிட்ட இருந்த எல்லாத்தையும் எங்கட ஆக்கள் எடுத்திட்டினம். கழுத்தில கிடந்ததையும் என்ர வாயால கழட்டச் சொல்லுறதோ?"

அது சரியா பிழையா என்று நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். இப்போதும் மனதுக்குள் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் மாமி காலமானார். நெஞ்சு நோ, வயலிலிருந்து வந்து படுத்தவர் எழும்பவில்லை. நான் விடுமுறையில் வீட்டில் நின்றேன். மைத்துனர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். செத்த வீட்டில் பறை அடித்துக்கொண்டிருக்க, உள்ளே பெண்களுக்குள் வாக்குவாதம். குளிப்பாட்டியாகிவிட்டது. இனி என்ன உடுத்துவது? சுமங்கலி என்றால் கலியாணக் கூறையும் பொட்டும் பூவும். விதவை என்றால் வெள்ளை. ஒரு பக்கம் தாலியோடு எரிக்க வேண்டும் என்றது, மறுபக்கம் செத்தவனின் தாலியைக் கட்டி அனுப்பினால் பாவம் என்றது. கடைசியில் மைத்துனர் எங்கள் படலையில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அம்மா அந்த முற்றத்தை மிதித்தார். நான் அவருடைய கையைப் பிடித்திருந்தேன். பெண்கள் விலகி வழி விட்டார்கள். மாமி பாயில் ஒரு பழைய துணியால் மூடிக் கிடந்தார். அம்மா தலைமாட்டில் குந்தி அந்த முகத்தைப் பார்த்தார். மாமி திரும்பிப் போக முடியாமல் கிடந்தார்.

"அண்டைக்குக் கேட்டது நீங்கள்தானே" என்றார் மைத்துனர். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "இனி அவாவுக்குக் கேக்காது. உண்மையைச் சொல்லுங்கோ. என்ர அண்ணை இருக்கிறாரோ, இல்லையோ?"

நான் அம்மாவின் கையை இறுக்கினேன். சொல்லுங்கள் என்றா, வேண்டாம் என்றா, எனக்கே தெரியாது.

"சயாமில இருக்கிறார்" என்றார் அம்மா. "கூறையை எடுத்துத் தாங்கோ."